பெயர் நீக்காத கார்டு

கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரைப் புகுந்த வீட்டு ரேஷன் கார்டில் சேர்ப்பதற்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்பதை நம் வாசகியருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண் வந்தாயிற்று; சமையலறைப் பொறுப்பும் கைக்கு வந்தாயிற்று; மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி ரசமும் வைத்தாயிற்று. ஆனால் ரேஷன் கணக்கைப் பொறுத்தவரை அவள் இன்னும் பிறந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள்! அங்கே பெயரை நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். 2017-இல் காகித அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகும் இந்த நியதி மட்டும் மாறவில்லை.

இதே மாதிரி ஒரு ரேஷன் ஆபீஸ் நம் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயும் நடக்கிறது. அங்கும் பழைய பெயரை நீக்காவிட்டால் புதியவருக்கு இடம் கிடைப்பதில்லை. இது தெரியாமல், ஐந்து நிமிஷத்தில் தீர வேண்டிய காரியத்துக்குக் கம்ப்யூட்டரையே துடைத்துக் கழுவிப் போட்டுவிட்டுக் கணக்கு வழக்கையெல்லாம் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

முதலில் பேரிகைக்குப் போவோம். பேரிகை என்றால் முரசு என்று அகராதி சொல்லும். ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். கிருஷ்ணகிரி ஜில்லாவில், ஓசூருக்கு வடகிழக்கே, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் மாலூர் வந்துவிடும். சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஒரு பக்கம் ரோஜாவும் தக்காளியும் விளையும் பூமி. மறு பக்கம் ஓசூர் சிப்காட்டின் பெரிய தொழிற்சாலைகளுக்குச் சின்னச் சின்ன உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறைகள்.

அப்படிப்பட்ட பட்டறை ஒன்றின் ஆபீஸ் அறையை மனக்கண்ணால் பாருங்கள். கடைசல் யந்திரம் அடுத்த அறையில் இரைகிறது. இங்கே ஒரு மேஜை, ஒரு சாமி படம், மூன்று கம்ப்யூட்டர்கள். நடுவில் இருப்பதில்தான் கணக்குப் புத்தகம் முழுவதும் இருக்கிறது. மற்ற இரண்டும், சுவரில் உள்ள கைரேகை வருகைப் பெட்டியும், அதனிடம்தான் போய்ப் பேசும். இத்தனைக்கும் எஜமானி ஓர் அம்மாள். பட்டதாரி, வீட்டில் இரண்டு குழந்தைகள், காலையில் அவர்களைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு வருகிறவள். அவளைக் கணக்கம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

சித்திரை வைகாசியில் அந்தப் பிரதேசத்தில் மாம்பழ மழை என்று ஒன்று வரும். மழை கொஞ்சம், இடியும் மின்னலும் அதிகம். ஒரு நாள் சாயங்காலம் அப்படி ஒரு மின்னல். கம்பி வழியாக வந்த அதிர்ச்சியில் நடுக் கம்ப்யூட்டரின் லேன் கார்டு கண்ணை மூடிவிட்டது. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. லேன் கார்டு என்பது வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டர் வெளியுலகத்தோடு பேசுவதற்கான வாசற்படி; கம்பி வந்து சொருகுகிற இடம். அது போனால் கணக்கு உள்ளேயே பத்திரமாக இருக்கும். யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

மறுநாள் ரிப்பேர்ப் பையன் வந்தான். புதுக் கார்டு ஒன்றைச் சொருகினான். பச்சை விளக்கு மினுக்கியது.

"அக்கா, லைட் எரியுது பாருங்க. நெட்டும் வருது."

"நெட் வருது தம்பி. ஆனா பில் போடற கம்ப்யூட்டர்ல 'சர்வர் கிடைக்கவில்லை'ன்னு வருதே?"

பையன் தலையைச் சொறிந்தான். ஏதோ தட்டினான். ஏதோ ஒரு கட்டம் வந்தது; படிக்காமலே மூடினான். பிறகு, இந்தத் துறையில் பதில் தெரியாதவர்கள் எல்லாரும் சொல்கிற அந்த மகாவாக்கியத்தைச் சொன்னான்:

"விண்டோஸ் கெட்டுப் போச்சுக்கா. ஃபார்மெட் அடிச்சிடலாம்."

தேதி பதினெட்டு. மாதா மாதம் கணக்குக் காட்டுகிறவர்கள் இருபதாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு வட்டி வேறு. ஃபார்மெட் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. கணக்கைப் பிரதி எடுத்து வைக்காமல் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்கம்மாவுக்குத் தெரியும். அவள் வயிற்றில் புளி கரைத்தது நியாயந்தான்.

உண்மையில் விண்டோஸ் கெடவில்லை. அது ரொம்ப ஒழுங்காக இருந்ததுதான் தகராறு.

சென்னையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே பத்துப் பன்னிரண்டு போர்ஷன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆபீஸுக்குள் உள்ள கம்ப்யூட்டர்களுக்கும் அப்படி ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு. 192.168.1.10 என்பது போல நாலு துண்டாக இருக்கும். ஐ.பி. நம்பர் என்று பெயர். சாதாரணமாக, மோடம் பெட்டியே வருகிறவர்களுக்கு அன்றன்று ஒரு நம்பர் கொடுத்துவிடும். ஆனால் எல்லாரும் தேடி வருகிற கம்ப்யூட்டருக்கு நம்பர் மாறிக்கொண்டே இருந்தால் சரிப்படுமா? ஆகையால் அதற்கு மட்டும் ஒரு நம்பரை நிரந்தரமாக எழுதி வைப்பார்கள். நம் கணக்கம்மாவின் ஆபீஸில் நடுக் கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்தது 10.

இங்கேதான் சூட்சுமம். அந்தப் பத்தாம் நம்பரை விண்டோஸ் கம்ப்யூட்டரின் பெயரில் எழுதவில்லை. அதில் இருந்த லேன் கார்டின் பெயரில் எழுதி வைத்தது. கார்டு செத்தது. ஆனால் சாவைப் பதிவு செய்யச் சொல்லி யாரும் விண்டோஸுக்கு மனுப் போடவில்லை! ஒரு தடவை சொருகிய எந்தச் சாமானையும் அது தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். கழற்றிய பிறகும் பெயரை அடிக்காது. என்றைக்காவது திரும்பி வருவார் என்று நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கும். புதுக் கார்டு வந்ததும் அதை வேற்று மனிதராகப் பாவித்து 'ஈதர்நெட் 2' என்று பெயரிட்டு, மோடம் கொடுத்த ஏதோ ஒரு நம்பரில் உட்கார வைத்தது. நெட் வந்தது அதனால்தான். பில் போடும் கம்ப்யூட்டரோ பத்தாம் நம்பர் வாசலில் போய்த் தட்டிக்கொண்டே நின்றது.

சரி, புதுக் கார்டுக்கே பத்தாம் நம்பரைக் கொடுத்தால்? அப்போதுதான் அந்தக் கட்டம் வரும், பையன் படிக்காமல் மூடியது. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதன் சாரம்: 'நீங்கள் கொடுத்த நம்பர், இந்தக் கம்ப்யூட்டரில் இப்போது இல்லாத வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. இல்லாத கார்டின் பெயரிலிருந்து அதை எடுத்துவிடட்டுமா?'

எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது பாருங்கள்! 'எஸ்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் நம்பர் புதுக் கார்டுக்கு வந்துவிடும். அநேகமாகக் காரியம் அத்துடன் முடிந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இதே கட்டம் வேறு மாதிரி கேட்கும். 'இது ஒளிந்திருக்கும் வேறொரு கார்டுக்குச் சொந்தம். நீங்கள் வேறு நம்பர் கொடுக்கிறீர்களா?' என்று. அங்கே 'எஸ்' என்றால் பின்வாங்குவதாக அர்த்தம். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பராமரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் பட்டறை யந்திரங்களோடு பிணைத்து வாங்கிய கம்ப்யூட்டர்களில் அது இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆகையால் கட்டத்தைக் கடைசி வரி வரையில் படியுங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்குமுன் எத்தனை கிலோ என்று பார்க்கிறோமில்லையா, அந்த மாதிரி.

எஸ் சொல்லியும் சரிப்படவில்லை, அல்லது பழைய பெயரை அடியோடு அடித்துவிட வேண்டும் என்றால், பதிவேட்டைத் திறக்க வேண்டியதுதான். அதற்கு 'டிவைஸ் மேனேஜர்' என்று பெயர். ஸ்டார்ட் பொத்தானின் மேல் எலியின் வலது பக்கத்தை அழுத்தினால் வருகிற பட்டியலில் இருக்கும். திறந்தவுடன் தெரிவது தற்போது வீட்டில் இருப்பவர்களின் ஜாபிதா. மேலே 'வியூ' என்பதை அழுத்தி 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒளிந்திருப்பவர்களும் வெளியே வருவார்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற தலைப்பின் கீழ், வெயிலில் காயப்போட்ட பழம் புடவை மாதிரி சாயம் மங்கிய படத்துடன் இருப்பவர்கள் யாரோ, அவர்களே இப்போது வீட்டில் இல்லாதவர்கள்.

விண்டோஸ் 7-லும் அதற்கு முந்தியவற்றிலும் இவ்வளவு சுலபத்தில் முகம் காட்ட மாட்டார்கள். 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, இல்லாத சாமான்களையும் காட்டு என்று ஒரு மந்திரத்தைத் தட்டி, அதே ஜன்னலிலிருந்தே டிவைஸ் மேனேஜரை அழைக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் அந்த மந்திரம் தேவையில்லாமல் போயிற்று.

மங்கலான பெயர்களைப் பார்த்ததும் கை பரபரக்கும். பெருக்கித் துடைத்துப் பழகிய கையல்லவா? கொஞ்சம் பொறுங்கள். மங்கலாக இருப்பவர்கள் எல்லாரும் காலமானவர்கள் அல்ல. வெளியூர் போனவர்களும் அதே கோலத்தில்தான் இருப்பார்கள். மேஜை டிராயரில் தூங்கும் யு.எஸ்.பி. வைஃபை குச்சி, போன மாதம் போனைக் கம்பியில் மாட்டி நெட் எடுத்தது, ஆபீஸ் வேலைக்காக எப்போதாவது திறக்கிற வி.பி.என். ஆகியவையும் மங்கிப்போய்த் தெரியலாம். 'வான் மினிபோர்ட்' என்று தொடங்கும் பல பெயர்கள் வேறு நிற்கும். அவை விண்டோஸின் சொந்தப் பரிவாரம், தொட வேண்டாம். 'வைஃபை டைரக்ட்', 'புளூடூத்' என்று இருப்பவற்றுக்கும் அதே மரியாதை.

யார் செத்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கார்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும். ரியல்டெக், இன்டெல் என்பது போல. புதுக் கார்டும் அதே கம்பெனியாக இருந்துவிட்டால் பெயரின் கடைசியில் '#2' என்று ஒரு வால் சேர்ந்திருக்கும். வால் இருப்பதுதான் புதியது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்; எது மங்கலாக இருக்கிறது என்பதே கணக்கு. சந்தேகமானால் அதன் மேல் இரண்டு முறை தட்டிப் பாருங்கள். 'இந்தச் சாதனம் தற்போது கம்ப்யூட்டரோடு இணைக்கப்படவில்லை' என்று, 45-ஆம் நம்பர் குறிப்போடு வந்தால் ஆள் வீட்டில் இல்லை என்பது நிச்சயம். திரும்பி வரமாட்டார் என்பது மட்டும் உங்களுக்குத்தான் தெரியும்.

தெரிந்துகொண்டபின் வலது பொத்தானை அழுத்தி 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' என்று சொல்லுங்கள். நடுவில், அந்தக் கார்டை ஓட்டும் மென்பொருளையும் அழிக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் குறியிட வேண்டாம். புதுக் கார்டும் அதே மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கலாம். மாமியாரின் பெயரை நீக்கப் போய் மருமகளின் அரிசியையும் நிறுத்திய கதையாகிவிடும்.

தப்பித் தவறி வெளியூர் போனவரின் பெயரை அடித்துவிட்டால்? பிரளயம் ஒன்றும் வந்துவிடாது. மறுபடி சொருகினால் புதிய ஆளாகப் பதிந்துகொண்டு வேலை செய்யும். அதற்கென்று எழுதி வைத்த நம்பர் மட்டும் போயிருக்கும். அதனால்தான், எதையும் தொடுமுன் அந்த நாலு வரியையும் (ஐ.பி., சப்நெட் மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ்.) போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வது உத்தமம். அல்லது பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் இருக்கவே இருக்கிறது.

நம்பர் கொடுத்தும் பக்கத்து மேஜைக்காரர் உள்ளே வர முடியவில்லையென்றால் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். கார்டு மாறியதும் விண்டோஸ் சில சமயம், 'இது ஏதோ புது இடம், பஸ் ஸ்டாண்டு மாதிரி' என்று நினைத்துக்கொண்டு 'பப்ளிக்' என்று குறித்துக் கதவைச் சாத்திவிடும். அதைப் 'பிரைவேட்' என்று மாற்றினால் கதவு திறக்கும். வீடுகளில் பிரிண்டர் திடீரென்று பேச மறுப்பதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

இதெல்லாம் நாம் மட்டும் படும் அவஸ்தை என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 13-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனியே விண்டோஸ் 7-க்கும் அதன் சர்வர் சகோதரனுக்கும் ஒரு திருத்தம் அனுப்பிற்று. அதை ஏற்றிக்கொண்ட சில இடங்களில், யாரும் கார்டைத் தொடாமலே விண்டோஸ் ஒரு புதுக் கார்டு முளைத்ததாக எழுதிக்கொண்டுவிட்டது! பழைய பெயரும், அதற்குக் கொடுத்திருந்த நம்பரும் பதிவேட்டில் அப்படியே கிடக்க, புதுப் பெயர் நம்பரில்லாமல் விழித்தது. நிரந்தர நம்பரை நம்பியிருந்த சர்வர்கள் ஊமையாயின. பிறகு கம்பெனி அதை ஒப்புக்கொண்டு பரிகாரமும் வெளியிட்டது. பெரிய ஆபீஸ்களில் படித்த என்ஜினீயர்கள் முழித்த இடத்தில் நம் கணக்கம்மா முழித்ததில் குறைவு ஒன்றுமில்லை.

லினக்ஸ் உபயோகிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கும் ஒரு காலத்தில் இதே கதைதான். ஒவ்வொரு கார்டுக்கும் அதன் பிறவி எண்ணைப் பார்த்துப் பெயர் சூட்டி ஒரு கோப்பில் எழுதிவிடும். கார்டை மாற்றினால் பழையவர் முதல் நாற்காலியிலேயே இருப்பார்; புதியவர் இரண்டாம் நாற்காலிக்குப் போவார். 2017-இல் வந்த டெபியன் 9-லிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில், சொருகியிருக்கும் இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் வந்தது.

யு.எஸ்.பி. கார்டு விஷயத்தில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அவற்றில் மலிவானவை சிலவற்றுக்குத் தனி வரிசை எண் இருப்பதில்லை. அப்படிப்பட்டதை இன்று இடது பக்கத் துளையிலும் நாளை வலது பக்கத் துளையிலும் சொருகினால் விண்டோஸ் இரண்டு ஆட்களாகவே எழுதிக்கொள்ளும். 'ஈதர்நெட் 5', 'ஈதர்நெட் 6' என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் வம்சம் பெருகிக் கிடந்தால் பேய் பிசாசு அல்ல; குழந்தைகள் துளை மாற்றிச் சொருகியதுதான். எப்போதும் ஒரே துளையில் சொருகினால் போதும்.

அப்படிப் பெருகிக் கிடப்பதையெல்லாம் மாதம் ஒரு முறை ஒட்டடை அடிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றே நான் சொல்வேன். நம்பர் தகராறு இல்லாதவரை மங்கிய பெயர்களால் கம்ப்யூட்டர் மந்தமாகிவிடுவதில்லை. நாலு வரி எழுத்து எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்? 'பழைய கார்டுகளைச் சுத்தம் செய்து வேகம் ஏற்றித் தருகிறோம்' என்று காசு கேட்கும் மென்பொருள்களைக் கண்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கும் இலவசப் பராமரிப்புக் காலம் முடிந்ததால், வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் மாற்றும் பேச்சு நடக்கிறது. இந்தச் சமயம் பார்த்து அத்தகைய வியாபாரம் சுறுசுறுப்பாக இருக்கும்.

அப்புறம், செத்த கார்டைத் தூக்கி எறியுமுன் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு கார்டுக்கும் பிறவியிலேயே பன்னிரண்டு இலக்கம் கொண்ட ஓர் எண் உண்டு. எண்களும் ஆங்கில எழுத்துக்களும் கலந்திருக்கும். முதல் ஆறு சாதாரணமாகத் தயாரித்த கம்பெனியைக் குறிக்கும். மிச்சம் ஆறு அந்தக் கார்டை. மாக் எண் என்பார்கள். மோடம் இல்லாமல் நேரே கம்ப்யூட்டரில் கம்பி சொருகியிருக்கும் வீடுகளில், நெட் கொடுக்கிறவர் சில இடங்களில் இந்த எண்ணைப் பதிந்து வைத்துக்கொண்டு, வேறு எண்ணோடு வந்தால் உள்ளே விடமாட்டார். லைசென்ஸ் வாங்கிய மென்பொருள்களிலும் சில இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கும். போன் செய்து, 'கார்டு மாற்றியிருக்கிறோம், பழைய எண் இது, புது எண் இது' என்று சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். பழைய எண் கார்டின் சீட்டிலேயே இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, கார்டை மின்சாமான் கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம்.